புளி போட்டுத் தேய்த்த கவசம்

அக்கா,

காலையில் குரியரில் ஓர் அட்டைப் பெட்டி வந்தது. திருச்சியிலிருந்து என் பேத்தி தேன்மொழி அனுப்பியது. கத்தரியால் ஓரத்தைக் கீறியதும் வாசம் எழும்பியது. புது வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த மறுநாள் கதவைத் திறந்தால் வருமே, அந்த வாசம். உள்ளே விரல் நீளக் குப்பிகள். கறுப்புக் குப்பியில் மட்டும் மூடி இறுகாமல் கசிந்து, பக்கத்துக் குப்பிகளின் இடுப்பெல்லாம் நனைந்திருந்தது. “இந்தக் கறுப்புக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாதுத்தா” என்று நீங்கள் சொல்வது காதில் கேட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் ஆடியில் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள். இது தை. இன்றைக்கு ஒன்று நடந்திருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் ருசி. உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேளுங்கள்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, கீரமங்கலத்தில் அடுத்தடுத்த வீட்டில் முல்லைப்பூ கட்டிக்கொண்டிருந்த நமக்கு, கவசத்துக்கு வர்ணம் பூசுவது என்று ஒன்று உலகத்தில் இருப்பது எப்படித் தெரியும்? தேன்மொழி காலேஜ் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய சாம்பல் நிறப் பொம்மைகளைக் கொண்டுவந்தாள். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. வாள் பிடித்தவன், வேல் பிடித்தவன், பன்றி மூஞ்சி ராட்சதன். மேஜைமேல் இவர்களை நிறுத்தி, தாயக்கட்டை மாதிரிக் காய் உருட்டிச் சண்டை விளையாடுவார்களாம் அவளும் கூட்டாளிகளும். பொம்மை மொட்டையாகத்தான் வரும், வர்ணம் நாம்தான் பூச வேண்டும் என்றாள். “இதுக்கா இன்ஜினியரிங் படிக்கிறே?” என்று நான் கேட்டேன். கேட்டேனே தவிர, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈர்க்குச்சியைவிடச் சன்னமான பிரஷ்ஷால் கண்ணுக்குள் விழி வைப்பதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த விடுமுறையில் அவள் ஒரே ஒரு வீரனுக்காக உயிரைக் கொடுத்தாள். தலை முதல் கால் வரை இரும்புக் கவசம், ஒரு கையில் வேல், மறு கையில் சிங்க முகம் பதித்த கேடயம். திருச்சியில் ஒரு போட்டி நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இவனைக் கொண்டுபோய் வைக்கப் போகிறேன் என்றாள். பூசி முடித்துக் காய்வதற்காக சாமி மாடத்துக்குப் பக்கத்து அலமாரியில் நிறுத்திவிட்டு, அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவோடு போனாள். நான் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள்.

பிறகு நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சாமி பக்கத்துல வெள்ளியா ஒரு ஆளு வேலோட நிக்கிறான். புள்ள பரீட்சைக்கு வேண்டிக்கிட்டு விராலிமலைக்கு நேந்துவச்ச உருவாரம்னு நெனச்சேன். இண்டு இடுக்கெல்லாம் கறுத்துக் கெடந்துச்சு. கறுத்த வெள்ளிய முருகனுக்குப் போடலாமாத்தா?”

போடக்கூடாதுதான். ஆகவே நீங்கள் புளியைக் கரைத்து, கல்லுப்பைச் சேர்த்து, தேங்காய் நாரால் அந்த வீரனை விளக்கு விளக்கென்று விளக்கிவிட்டீர்கள். கழுவித் துடைத்து, நெற்றியில் சந்தனமும் வைத்து, இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போனீர்கள். இதுவரைக்கும் பூமியில் எந்தப் போர் வீரனுக்கும் அப்படி ஒரு மரியாதை நடந்திருக்காது.

தேன்மொழி கல்யாணத்திலிருந்து வந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள், முழங்கால், மார்பு எல்லாம் வர்ணம் உரிந்து பிளாஸ்டிக் தெரிந்தது. “யாரு தொட்டது?” என்று அவள் கேட்ட குரல் உங்கள் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டிருக்கிறது. நீங்கள் வந்து, “நாந்தாண்டி தங்கம், அழுக்குன்னு நெனச்சு…” என்றீர்கள். அவள் பெரியவர்களைத் திட்டக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டே நீங்கள் பின்னோக்கியே நடந்து வெளியே போனீர்கள்.

மறுநாள் காப்பிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நீங்கள் வராத காலை எனக்குத் தெரியாது. பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நாரைக் கிழித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னீர்கள்: “நான் எதுக்கு? அங்கிட்டு வந்தா இன்னும் எதயாச்சும் வெளக்கிப்புடுவேன்.” சிரிக்கிற மாதிரி சொன்னீர்கள். பொம்மை போனால் போகிறது, நீங்கள் இனி எங்கள் வாசற்படி மிதிக்காமல் இருந்துவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஒரு சொல் விழுந்ததற்காக உங்கள் சொந்தத் தம்பி வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தவர் ஆயிற்றே.

நான் கிளம்பும்போது ஒரு டப்பாவைக் கொடுத்தீர்கள். ஹார்டுவேர் கடையில் வாங்கின சில்வர் பெயிண்ட். “வாசல் இரும்புக் கேட்டுக்கு அடிக்கிறது. நல்ல பளபளப்புன்னு கடக்காரர் சொன்னாரு. புள்ளகிட்ட குடு. அந்தக் குப்பியில இருக்குறது பத்து சொட்டு, இது டப்பா நெறய இருக்கு.”

டப்பாவைப் பார்த்ததும் தேன்மொழி அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். ஆனாலும் என் பேத்தி மரியாதை தெரிந்தவள். பெரியப்பத்தா கொடுத்ததை அப்படியே ஒதுக்காமல், அதே சாயலில் இருந்த ஒரு வீணான பொம்மையின் கேடயத்தில் அடித்துப் பார்த்தாள். பால்மேல் ஆடை படிந்த மாதிரி மூடிக்கொண்டது. கேடயத்தில் இருந்த சிங்க முகமே காணோம். “பாருங்கப்பத்தா, கேட்டுக்கு இந்த மினுக்குத் தூள் சரி. இத்துனூண்டு ஆளுக்கு இது கப்பி ஜல்லி மாதிரி. நம்ம குப்பியில இருக்குறது மாவா அரைச்சது” என்று விளக்கினாள். பளபளப்பு என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். அதற்குள்ளும் ரவை, மாவு என்று இருக்கிறதாம்!

வெளிச்சத்துக்காக அந்தக் கேடயத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். இன்னொரு கையில் நீங்கள் விளக்கிய வீரன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

“அப்பத்தா! இங்க பாருங்க. மேடு எல்லாம் தேஞ்சிருக்கு. பள்ளத்துல நான் விட்ட கறுப்பு அப்படியே நிக்கிது. நெசமான கவசம் போட்டுக்கிட்டு பத்து சண்டைக்குப் போய்ட்டு வந்தா எங்க தேயுமோ, அங்கதான் பெரியப்பத்தா தேச்சுருக்காங்க!”

எனக்குப் புரியவில்லை. நம் இட்லிக் கொப்பரையைக் காட்டி, விளிம்பும் பிடியும் மட்டும் மின்னுவதையும், இடுக்குகள் மங்கிக் கிடப்பதையும் சொன்ன பிறகு புரிந்தது. எங்கே வெள்ளியைத் தொட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று யோசித்து யோசித்துத்தான் அவள் அத்தனை நாள் திணறியிருக்கிறாள். நாரும் புளியும் அந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தன.

நான் செருப்பைத் தேடுவதற்குள் அவள் வெறுங்காலோடு உங்கள் வீட்டுக்கு ஓடியிருந்தாள். நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் வாசலில், கையை முந்தானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு கையில் அந்த வீரனோடு, மறு கையால் பிரஷ்ஷை நீட்டிக்கொண்டு அவள் நின்றாள்.

“இவன் கேடயத்துல மட்டும் பள்ளத்துக் கறுப்பும் போயிருச்சு பெரியப்பத்தா. தேச்சவங்களே வந்து வைங்க.”

“நானா? போடி. வெளக்குறதுதான் எனக்குத் தெரியும். அழுக்காக்கத் தெரியாது.”

“நீங்க வக்கலேன்னா நான் போட்டிக்குப் போகல.”

“ஏத்தா, ஒம் பேத்தி என்னய மெரட்டுறா பாரு” என்று என்னிடம் புகார் சொன்னீர்கள். சொல்லிக்கொண்டே கை வெளியே வந்துவிட்டது.

தண்ணீராகக் கரைத்த அந்தக் கறுப்பில் ஒரு சொட்டைக் கேடயத்தின் ஓரத்தில் வைத்தீர்கள். அது நின்று யோசித்தது. பிறகு சிங்கத்தின் பிடரி மயிர் ஒவ்வொன்றின் இடுக்கிலும் தானாக ஓடியது. “அடி ஆத்தே!” என்று கத்தினீர்கள். “மடையத் தொறந்துவிட்டா பாத்தியில தண்ணி பாயுற மாதிரில்ல ஓடுது!” அதுவரைக்கும் வெறும் வெள்ளித் தகடாகக் கிடந்தது, நம் மூன்று பேர் கண்ணுக்கு முன்னால் இரும்பாகிவிட்டது. சிங்கம் முறைத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது அக்கா. அன்றைக்கு நீங்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டீர்கள்.

உரிந்த மேடுகளில் தேன்மொழி பளிச்சென்ற வெள்ளியைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். சந்தனத்தைத் துடைக்க நீங்கள் விடவில்லை. தலைக்கவசத்தின் நெற்றியில் ஒரு மஞ்சள் புள்ளியோடுதான் அவன் திருச்சி பஸ் ஏறினான்.

போட்டியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த ஒருவர், கவசத்தை எப்படி இவ்வளவு இயல்பாகத் தேய வைத்தாய் என்று கேட்டாராம். “எங்க பெரியப்பத்தா புளி போட்டு வெளக்குனாங்க” என்று இவள் சொல்ல, கூடத்தில் எல்லோரும் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தார்களாம். இரண்டாம் பரிசு என்று போனில் சொன்னாள். நீங்கள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கேட்ட கேள்வி இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது: “மொதப் பரிசு வாங்குனவன் எதப் போட்டு வெளக்குனானாம்?”

அதன் பிறகு நம்மைப் பிடிக்க முடிந்ததா? பூ வேலை முடிந்த மத்தியானங்களில் ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தேன்மொழியின் கூட்டாளிகள் படை படையாக அனுப்பினார்கள். அடிக்கறுப்பும் வெள்ளியும் என் வேலை. நார்த் தேய்ப்பும் பள்ளத்துக் கறுப்பும் உங்கள் வேலை. ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக் குப்பியின் இங்கிலீஷை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வர்ணம் காய்ந்துவிடும் என்று, நீங்களே எல்லாவற்றுக்கும் பேர் வைத்தீர்கள். இருட்டு இரும்புக்குத் தோசைக்கல். மங்கலுக்கு அலுமினியச் சட்டி. பித்தளைக்குக் குத்துவிளக்கு. கண்ணைப் பறிக்கிற வெள்ளிக்குச் சீர்வரிசை. “கெழட்டு வீரனுக்குச் சீர்வரிசை பூசாத, சட்டி போதும். புது மாப்ளக்கி மட்டும் அது” என்று என் கையைத் தட்டுவீர்கள். இப்போது திருச்சிப் பிள்ளைகளே கடையில் போய், தோசைக்கல் தீர்ந்துபோச்சு என்று பேசிக்கொள்கிறார்களாம்.

ஆடிக்குப் பிறகு வந்த பொம்மைகளுக்கு நான் வெள்ளி பூசினேன். அதோடு நிறுத்திவிட்டேன். பாத்திரக் கடையில் அடுக்கின மாதிரி அலமாரியில் ஒரு படையே பளபளவென்று நின்றது. பார்க்க அழகுதான். ஆனால் ஒருத்தன்கூடச் சண்டைக்குப் போகிறவன் மாதிரி இல்லை. கறுப்பை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அது உங்கள் வேலை. தேன்மொழி ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பொங்கலுக்கு வந்தபோது அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனாள். இன்றைக்குப் பெட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் கறுப்புக் குப்பிகள். என் பேத்தி லேசுப்பட்டவளா!

இன்று மத்தியானம் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. முன்வரிசையில் நின்றவளை எடுத்தேன். ஆம், பெண்தான்; கவசம் போட்டு, ஈட்டி பிடித்து, கால் அகட்டி நிற்கிறாள். நாரால் தேய்த்தேன். எங்கே தேய்ப்பது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தால் சரியாக வரவில்லை. முருகனுக்குப் போகிற வெள்ளி என்று நினைத்துக்கொண்டேன். கை அதுவாகப் போனது. பிறகு கறுப்பைக் கரைத்து, கழுத்தோரம் ஒரு சொட்டு வைத்தேன். ஓடியது. தோளிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து இடுப்புக்கு, ஒவ்வொரு பள்ளமாக இறங்கிப் போனது. அவள் உயிர் வந்து எழுந்த மாதிரி நின்றாள். நான் போட்ட கூச்சலில் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். தேன்மொழிக்கு வீடியோவில் காட்டினேன். அங்கே அவள் குதித்த குதியில் போனே கீழே விழுந்தது. பொழுது சாய்வதற்குள் அந்தப் படை முழுவதையும் இரும்பாக்கிவிட்டேன்.

வேகத்தில் துணி எடுத்து வைத்துக்கொள்ள மறந்து, பிரஷ்ஷை என் முந்தானையிலேயே துடைத்திருக்கிறேன். பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலை. நுனி முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. மருமகள்தான் பார்த்தாள்.

“என்னங்கத்த இது, புதுச் சேலையில இம்புட்டுக் கறை! மாத்திக் குடுங்க, காயிறதுக்குள்ள சோப்பப் போட்டுத் தேச்சுர்றேன்.”

“தேய்க்காதத்தா” என்றேன். “அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு.”