ஜூஸ் என்று சொல்லி வைத்த தோட்டம்

செப். 27, சனி

காலையில் மூடுபனி, பிறகு டென்மார்க்குக்கு நல்ல வெயில். கடற்காற்று இல்லை. திங்கட்கிழமை மழை என்கிறது போன். இன்றைக்கே முந்திரிகைக் கொடிகளில் பழம் முழுவதையும் ஆய்ந்துவிட வேண்டும் என்று மகள் நிருவின் கட்டளை. மழை பிடித்தால் குலைக்குள் பூஞ்சணம்.

பறவை வலை கழற்ற. பெட்டிகள் கழுவ. ஹோர்சன்ஸ் ஸ்டேஷனில் அக்காவை ஏற்ற.

நிருவின் சிநேகிதர்கள் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று நின்றுவிட்டார்கள். அதனால்தான் கோல்டிங்கிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். வேறு ஆள் கிடைக்கவில்லை. (சாட்டு, வெறும் சாக்குப்போக்கு. எழுதும்போதே தெரிகிறது.)

தொப்பி, கையுறை, எல்லாருக்கும் இடியப்பப் பார்சலோடு அக்கா வந்தா. சபைப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே வரிசை வரிசையாக ஆய்ந்தா. குளவி கொட்டியும் நிறுத்தவில்லை.

"தம்பி, கர்த்தர் உனக்கு நல்ல விளைச்சல் தந்திருக்கிறார். இந்த ஜூஸ் சின்னப் பிள்ளையளுக்கும் நல்லது, என்ன?"

"ஓம் அக்கா."

ஓம் அக்கா! முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பின்னேரம் எல்லாம் பிழிந்து முடிந்தது. ஆய வந்தவர்களுக்குச் சாப்பாடும் போன வருடத்து வைன் ஒரு போத்தலும் கொடுப்பது இங்கே வழக்கம். நிரு அக்காவிடமும் நீட்டினாள்.

"மாமி, இது உங்களுக்கு. போன வருஷம் செய்தது. நல்லா வந்தது."

அக்கா லேபிளைப் பார்த்தா. "வைனோ?"

"ஓம் மாமி. வேற என்ன நாங்கள் இஞ்ச செய்யிறது?" நிரு சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா என்னைப் பார்த்தா. போத்தலைப் பைக்குள் வைத்தா. ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

செப். 28, ஞாயிறு

மந்தாரம். தலையிடி. பனடோல் இரண்டு, பலனில்லை.

அத்தான், அக்காவின் புருஷன், குடித்தே செத்தவர். விபோர்க்கில் அவர்கள் இருந்த வீட்டுப் படியில் விழுந்து கிடந்தவரை அக்காவும் நானும்தான் எத்தனை தரம் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தியிருப்போம். செத்த வீட்டிலேயே அக்கா சொன்னது: "இனி அந்தச் சாமானை என்ர கையாலை தொடமாட்டன்." பிறகுதான் சபைக்குப் போகத் தொடங்கினா. அந்தச் சொல்லைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.

கன்று நட்ட காலத்தில் அக்கா நேராகவே கேட்டா, இது எதுக்கு என்று. "டென்மார்க் குளிருக்கு வைன் எங்கை அக்கா வாறது? ஜூஸ்தான்" என்று சிரித்து மழுப்பினேன். மாமி என்ன சொல்லுவா என்று நிரு கேட்டபோது, "மாமிக்குச் சொல்லிப்போட்டன், ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன். இரண்டு பக்கமும் பொய். நேற்று அக்காவின் கையாலேயே ஆய வைத்தேன்.

மனைவி வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னது: "கூடப் பிறந்ததை ஏமாத்திப்போட்டு இப்ப தலையிடியெண்டு படுத்தால் சரியோ?"

சரியில்லை. மனிசி சொல்வது சரி.

செப். 30, செவ்வாய்

மழை, சொன்னதற்கு ஒரு நாள் பிந்தி. வேலை செய்கிற வெயர்ஹவுஸில் மத்தியான இடைவேளை. அக்காவின் போன்.

ஏச்சு இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"தம்பி, நான் ஆய்ஞ்ச பழத்தை மட்டும் வேறயா எடுக்கேலுமோ? அதை ஜூஸாத் தந்தியெண்டா சபையிலை திருவிருந்துக்குக் குடுத்திடுவன். என்ர மனம் ஆறும்."

சனிக்கிழமையே எல்லாம் ஒரே டாங்கியில் கலந்தாயிற்று. நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஓம் அக்கா. வேறயா எடுத்து வைச்சிருக்கிறன்."

சே! என்ன வாய் இது. வாற சனிக்கிழமை வந்து எடுக்கிறாவாம். நன்றி வேறு சொன்னா.

ஒக். 2, வியாழன்

பலத்த காற்று. வலைகளை மடித்து வைக்க வேண்டும், வைக்கவில்லை. வேலை முடிந்து சுப்பர்மார்க்கெட். பால், பாண், வெள்ளை முந்திரிகை ஜூஸ் பெட்டி ஆறு.

குசினியில் நின்று எங்கள் போத்தல்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிரு வந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று டெனிஷில் கேட்டாள். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காலி ஜூஸ் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தால் டெனிஷில் பொரிகிற பிள்ளை, இப்போது தமிழில் கேட்டாள்:

"அப்பா, நான் வைன் செய்யிறது களவோ?"

"இல்லையம்மா."

"நாங்கள் போற கோயில் ஆக்களுக்கும் ஜூஸ் எண்டுதானே சொல்லி வைச்சிருக்கிறீங்கள்? எனக்குத் தெரியும். மாமி ஒராளுக்காவது உண்மை சொல்லியிருக்கிறீங்கள் எண்டு நினைச்சன்."

போய்விட்டாள். ஊற்றியதை எல்லாம் சிங்கில் கவிழ்த்தேன். குசினி முழுக்க இனிப்பு வாசம். எனக்கு என்னையே பார்க்க அருவருப்பு.

ஒக். 4, சனி

குளிர், வானம் தெளிவு. ஸ்டேஷனில் அக்கா. கழுவித் துடைத்த வெறும் போத்தல்கள் ஒரு பை நிறைய. காரில் ஏறி பெல்ட் போட்டதும் சொல்லிவிட்டேன். காரை ஓட விட்டால் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று பயம்.

"அக்கா, வேறயா எடுக்கேல்லை. அண்டைக்கே கலந்து போச்சு. போனிலை சொன்னது பொய். முந்திச் சொன்னதும் பொய்."

கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா.

"ஏன்டா நீ என்னட்டை முதலே கேக்கேல்லை?"

"கேட்டா மாட்டன் எண்டிருப்பியள்."

"ஓம். மாட்டன் எண்டிருப்பன். அதைச் சொல்லக்கூட நீ என்னை விடேல்லை."

அழுதேன். அக்கா அழவில்லை. பைக்குள் கைவிட்டு, பழைய துவாய் சுற்றின ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தா. அந்த வைன் போத்தல்.

"ஒரு கிழமையா வீட்டிலை வைச்சிருந்தனான். வைச்சிருக்கவும் ஏலேல்லை, எறியவும் ஏலேல்லை. என்ர பிள்ளை செய்தது. அவளிட்டைச் சொல்லு, மாமி குடிக்கமாட்டா, ஆனா உன்னை நினைச்சு அவவுக்கு ஒரு வெக்கமும் இல்லையெண்டு."

இறங்கிவிட்டா. அடுத்த ரயிலில் போகிறாவாம். கூட வரவேண்டாமாம்.

வீட்டு வாசலில், காருக்குள் இருந்தபடி எழுதுகிறேன். நிரு முற்றத்தில் பெட்டி கழுவுகிறாள். காரைக் கண்டுவிட்டாள், அக்காவைத் தேடுகிறாள். போத்தல் இன்னும் மடியில். மாமி சொன்னதைச் சொல்லலாம். அப்பாவுக்கும் உன்னை நினைத்து வெட்கம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, அது இன்னொரு பொய். கண்ணாடியில் தட்டுகிறாள்.