தோற்றவர்கள் வளர்த்த புல்

அன்புள்ள சின்னுவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், அவருடைய முழங்காலைத் தவிர, அந்தக் கதை பின்னால் வருகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்தோடு தூங்குவதாகச் சொல்கிறாய், நான் பாதிதான் நம்புகிறேன். ஃபோனில் பேசினால் குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நகராட்சி ஆபீஸ்காரங்களோட மல்லுக்கு நிக்காத, வீட்டை வித்துட்டு என்கூட வந்துடு என்று போன வாரம் சொன்னாயே, அதற்குப் பதில் இதுதான்: வர மாட்டேன்.

நடந்ததை முழுதாகக் கேள். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்பந்து மைதானத்தைக் கார் நிறுத்துமிடமாக்கப் போவதாக நகராட்சி அறிவித்தது. இது எங்கள் பாரம்பரிய இடம், தொடக் கூடாது என்று நாங்கள் மனுக் கொடுத்தோம். பார்வையிட வந்த பொறியாளர் பேண்ட் பையில் கையை விட்டபடி ஒரு சுற்று நடந்துவிட்டு, பாரம்பரியம்னு சொல்றீங்களே, இங்கேருந்து ஒரு பெரிய ஆட்டக்காரராவது வந்திருக்காங்களா என்று கேட்டார். நம் கோல்கீப்பர் தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரும் வரல சார், நாங்க எல்லாம் தோத்தவங்கதான், ஆனா நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிற புல்லு நாங்க தோத்துத் தோத்து வளர்த்தது என்றேன். உண்மைதானே. நாங்கள் குடிவந்தபோது அது வெறும் செங்கல் துண்டும் சரளையும். தோற்ற அணி மறுநாள் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவரவர் நின்று ஆடிய இடத்துக்கு அவரவரே, அடுத்தவர் பங்கை யாரும் தொடக் கூடாது என்று அன்றைக்கு வைத்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை. எங்கள் பெண்கள் அணி நீ பிறக்கும்வரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை, நாங்கள் ஆடிய பக்கம்தான் இன்றைக்கும் அதிகப் பச்சை. பொறியாளரோ, தண்ணி ஊத்துறதெல்லாம் பாரம்பரியமா என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே மண்ணை நிரவும் இயந்திரம் வந்தது. முந்தின நாள்தான் தையல்காரர் அணி மண்ணைக் கவ்வியிருந்தது, காலையிலேயே வந்து வஞ்சகமில்லாமல் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். இயந்திரம் உள்ளே வந்ததும் சக்கரம் பாதி புதைந்து, வேறொரு வண்டி வந்து இழுக்கும்வரை அசையவில்லை. நாங்கள் எதையும் திட்டமிடவில்லை, சத்தியமாக. ஆனால் தரை காய்ந்தால்தான் இயந்திரம் வரும் என்று பொறியாளரே சொன்ன பிறகு சும்மா இருப்போமா, இப்போது தினமும் சாயங்காலம் ஆட்டம். யாராவது தோற்றுத்தானே ஆக வேண்டும். மைதானத்துக் குழாயை அடைத்துவிட்டார்கள், அடைக்கட்டும், வீட்டிலிருந்து வாளியில் சுமக்கிறோம். பிறந்ததிலிருந்து பந்தை உதைத்தறியாத உன் அப்பா கோல்கீப்பராக நின்று ஐந்து கோல் விட்டார், வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. மறுநாள் அவர் கையிலிருந்து வாளியை வாங்கப் போனேன், தோத்தது நானு, ஊத்துறதும் நானுதான் என்று நொண்டிக்கொண்டே போனார். எனக்குக் கோபமும் பெருமையும் சேர்ந்து வந்தது. அதை மைதானத்து வாசல் பக்கம் நின்று பார்த்த பொறியாளர், இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி ஊத்துவீங்க என்றார். எங்கள் அணி மருந்துக்கடை அக்கா நின்று நிதானமாக, நாங்க தோத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் சார் என்றாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் எங்கள் மனுமேல் விசாரணை. ஜெயிப்போம் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், ஜெயித்துப் பழக்கமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் கடைசியாக ஆடித் தோற்றாய், விடிந்ததும் விமானம் ஏறிவிட்டாய். நீ நின்ற வலது மூலை இன்னும் வழுக்கையாகக் கிடக்கிறது. தையல்காரர் நான் ஊத்திடறேனே என்று கேட்டார், விடவில்லை, அது என் பொண்ணோட பங்கு, அவளே வந்து ஊத்துவா என்று சொல்லிவிட்டேன். நீ வரும்போது அந்த மூலை அங்கே இருக்கும். இருக்க வைப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், யாரிடமும் தலை குனியாமல் நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. லீவுக்கு வரும்போது சேறு பட்டாலும் பரவாயில்லாத ஒரு பழைய உடுப்பை மறக்காமல் எடுத்து வை.

இப்படிக்கு,
இன்றைக்கும் தோற்ற உன் அம்மா