நாலு பெட்டி, இரண்டு ஓம்

அன்புள்ள என்னவருக்கு,

நான், சின்னவள், நம் மைக்செட் கடை, மூவரும் சௌக்கியம். உங்கள் கப்பல் எந்தக் கடலில் ஆடிக்கொண்டிருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்து பார்க்கும்வரை புதுப்பல் முளைக்கக் கூடாதாம், அவள் உத்தரவு.

இப்போது பெரிய செய்தி. கல்லூரி ஆண்டு விழாவுக்கு நாலு ஸ்பீக்கர் பெட்டியையும் நானே கட்டினேன்! ஐந்து மணி நேரம் ஓடியது. ஆம்ப்ளிஃபையரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், வெறும் வெதுவெதுப்புதான். முதல்வரின் பேச்சு கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்டது. கேட்டவர்கள் பாவம், அது வேறு விஷயம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஆம்ப்ளிஃபையரின் முதுகில் மின்தடை நாலு ஓமுக்குக் குறையக் கூடாது என்று போட்டிருக்கிறது. நம் பெட்டி ஒவ்வொன்றும் எட்டு ஓம். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இரண்டு பெட்டியை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோத்தால் எட்டும் எட்டும் பதினாறு. அப்படி இரண்டு ஜோடி. அந்த ஜோடிகளை இணையாகச் சேர்த்தால் பதினாறில் பாதி, எட்டு. ஒரு தொல்லையும் இல்லை. நாலு பெட்டியையுமே இணையாகக் கட்டினால்? எட்டை நாலால் வகுக்க வேண்டும், இரண்டே ஓம். ஒரு கதவு இருக்கும் கூடத்தில் நாலு கதவைத் திறந்துவிட்ட மாதிரி மின்சாரம் பாயும், ஆம்ப்ளிஃபையர் கருகிவிடும்.

கருகிவிடும் என்று எழுதியதும் பென்சில் நின்றுவிட்டது. இரண்டு வருஷம் முன்பு என் தங்கை கல்யாணத்தில் பழைய ஆம்ப்ளிஃபையர் புகைந்ததே! மைக் பக்கத்தில் நின்ற ஒல்லி அண்ணனைப் பார்த்து, சவுண்டை ஏத்தி எரிச்சுட்டியேடா என்று அத்தனை பேர் முன்னால் கத்தினீர்கள். பதினாறு வருஷக் கூட்டாளி, கடைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனவர் போனவர்தான்.

அன்றைய இணைப்புப் பலகையைப் பரணிலிருந்து இறக்கினேன். நாலு சிவப்பு வயரும் ஒரே திருகில், நாலு கறுப்பும் ஒரே திருகில். ஒன்று, இரண்டு என்ற சீட்டுகள் அண்ணனின் கையெழுத்து. மூன்றும் நாலும் உங்கள் கோழிக் கிறுக்கல். அவர் இணையாகக் கட்டியது இரண்டே பெட்டி, எட்டில் பாதி, பழையதற்கும் எல்லையான நாலு ஓம். சாப்பாட்டுக் கூடத்தில் கேட்கவில்லை என்று என் அப்பா சொன்னதும், மாப்பிள்ளை மிடுக்கில் இன்னும் இரண்டைச் சேர்த்தது யாராம்? பெட்டி கூடினால் சுமை பங்காகிக் குறையும் என்று நினைத்திருப்பீர்கள். போன வாரம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மனசு கேட்கவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு அண்ணனின் ரிப்பேர் கடைக்கே போய்விட்டேன். மூச்சு விடாமல் கணக்கை ஒப்பித்தேன். சிரித்துக்கொண்டே, கணக்கு சரிதாம்மா, அன்னைக்கே பலகையைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சண்டைக்கே போய்விட்டேன். பக்கத்துல உங்கப்பா நின்னாரு, மாமனார் முன்னாடி அவன் தலை குனியணுமா, மறுநாள் அவனே பலகையைப் பார்த்துட்டு வருவான்னு நெனச்சேன் என்றார்.

நீங்கள் பார்க்கவே இல்லை. அதைப் பரணில் ஏற்றிய நானும் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறதுங்க.

அடுத்த மாதம் இருபதாம் தேதி அண்ணன் கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் போகிறார், வெகு தூரம். கப்பல் கரை தொட்டதும் முதல் போன் எனக்கு வேண்டாம், அவருக்குப் போடுங்கள். அவருடைய எண் அதேதான். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டாம். குரல் தழுதழுத்தாலும் குறைந்துபோக மாட்டீர்கள். நான் கிளம்பும்போது அவரும் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லிவிட்டேன்.

நல்லபடியாகக் கரை சேருங்கள்.

என்றும் உங்கள்,
இல்லத்தரசியும் கடைக்காரியும்