அப்புவின் பெயரில் ஒரு மணி

2025 மார்ச் 3, திங்கள்
ஆட்டுக்குக் குழை இல்லை. வேலி ஒரு பக்கம் சரிந்துவிட்டது. எனக்கு எழுத்து வராது; நான் சொல்லச் சொல்ல, மருமகள் தர்சனா தந்த போன் எழுதிக்கொள்கிறது.

கனடாவிலிருந்து அண்ணன் மகன் நிசாந்தன் கதைத்தான். எங்கள் ஊர் சரவணையில் அம்மன் கோயிலுக்கு மணிக்கோபுரம் கட்டப்போகிறானாம். நாங்கள் அப்பு என்று கூப்பிட்ட என் தகப்பன் பெயரில்.

"ஆழ்வாப்பிள்ளை எண்டு கல்லிலை பெரிசா வெட்டுறம் சித்தப்பா. குத்துச்சண்டை வீரர் எண்டும் போடுறம்."

வேறு எதையாவது கட்டக்கூடாதா?

மார்ச் 4
அப்பு கொழும்புச் சுருட்டுக்கடைக்கு வேலைக்குப் போனவர். துறைமுகத்தில் கப்பல்காரரோடு குத்துச்சண்டை பழகி, இருபது வயதுகளில் சாம்பியன் ஆனார். மணி அடித்தால் எழும்பு, மணி அடித்தால் இரு. அதுதான் அவருடைய இளமை. தலையில் வாங்கிய அடிகள் நான் பிறந்த பிறகுதான் வேலையைக் காட்டின. பேச்சுக் குழறியது, கை நடுங்கியது. கோயிலில் பூசை மணி கேட்டால் மட்டும் நடுக்கம் நின்றுவிடும். எழும்புவார். விரல்கள் மடங்கும். முன்னால் நிற்பது யாரென்று பார்க்கமாட்டார்.

முன்னால் நின்றது எப்போதும் அம்மாதான்.

குசினி வாசலில் விழுந்த அடியில் ஒரு காது போயிற்று. அடுத்த மாரிக்குள் மற்றதும். பிறகு அவளுக்கு மணி கேட்காது. எனக்குக் கேட்கும் — எட்டு வயது — சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடுவேன்.

மணி ஓய்ந்ததும் அப்பு வந்து அவள் முகத்தைத் தடவுவார். "ஆரடி உனக்கு அடிச்சது?"

மார்ச் 9
நிசாந்தனுக்கு எல்லாம் சொன்னேன்.

"அப்பா ஒருநாளும் சொல்லேல்லையே."

அண்ணன் அப்போது கொழும்பில். வீட்டில் நடந்தது அவனுக்கு எங்கே தெரியும்?

"மணி வேண்டாம் எண்டு சொல்லேல்லையடா. அப்புவின்ரை பேரை எடு. அம்மான்ரை பேரைப் போடு. அன்னபூரணம் எண்டு."

"கல்லு வெட்டக் குடுத்தாச்சு சித்தப்பா. அதோடை, அப்பாச்சி என்ன செய்தவ எண்டு ஆக்கள் கேப்பினமெல்லே."

என்ன செய்தவ.

ஏப்ரல் 20
சோற்றைத் தள்ளிவைத்தேன். "கல்லுத்தானே மாமா," என்றாள் தர்சனா. "எச்சம் போடுற காகத்துக்கு எல்லாப் பேரும் ஒண்டுதான்." சிரிப்பு வந்தது. கொஞ்சம் சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 14
மணி வந்திறங்கியது. ஊரே போய்த் தொட்டுப் பார்த்தது. நான் போகவில்லை.

ஓகஸ்ட் 29, வெள்ளி
மணிக்கோபுரத் திறப்பு. நிசாந்தன் வந்திருந்தான். குடும்பத்துக்கு மூத்தவர் என்று கயிற்றை என் கையில் தந்தான்.

"எனக்கு ஏலாது."

"கை நோகுதோ சித்தப்பா?"

"ஓம்."

அவனே இழுத்தான். நல்ல மணி. கரம்பொன் ஊர்வரை கேட்டிருக்கும். சனம் கைகூப்பி நின்றது. என் கை மட்டும் பக்கத்தில் எதையோ எட்டிப் பிடித்தது. பார்த்தால் தர்சனாவின் சேலை. இழுத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் விடுவிக்கவில்லை.

"வாங்கோ மாமா, போவம்."

மணி ஓயுமட்டும் நடந்தோம்.