போலீஸ்காரருக்குக் கொடுத்த பிளேன் டீ

உப்பல், ஹைதராபாத்
12.7.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

யோகராணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கோத்தகிரிக் குளிரில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

ஆபீஸில் என்னை லண்டனுக்கு அனுப்புகிறார்கள் என்றேனே, அதற்கான பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். நம் வழக்கப்படி பிளேன் டீயைக் கொடுத்து, உள்ளங்கையில் சர்க்கரையும் வைத்தேன். அதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும் என்று தெரியாமல் முழித்தார். நீங்கள் சிலோனில் பிறந்தவர் என்றதும், "அப்போ நீ இண்டியனா?" என்று இந்தியில் கேட்டார்.

வீட்டுக்கார ஸ்டெல்லா அக்கா இந்தியும் தமிழுமாகப் பொரிந்து தள்ளினார். "கைக்கு சார், எதுக்கு இந்தக் கேள்வி? இவ பாட்டனை வெள்ளைக்காரன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனான். அவன் கிளம்பினதும், நீ எங்க ஆள் இல்லேன்னு அப்பனை அந்த ஊர்க்காரன் திருப்பி அனுப்பிட்டான். இப்ப அதே வெள்ளைக்காரன் இவளைக் கூப்பிடுறான், நீங்க தடுக்கிறீங்களா?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டுச் சர்க்கரையை நக்கினார்.

உங்கள் குடியுரிமைச் சான்றிதழின் ஜெராக்ஸ் போதுமாம். ஆனாலும் தபாலில் போடாதீர்கள், நீங்களே கொண்டு வாருங்கள். நம் தேயிலைத்தூளும் ஒரு பொட்டலம்.

ஆபீஸ் வண்டி ஹார்ன் அடிக்கிறது. வழியில் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், யோகராணியின் அப்பா என்று சொல்லுங்கள், போதும்.

உங்கள் மகள்
யோகராணி