மாமாவின் பழைய காரில் பத்துச் சுற்று

2 பிப்ரவரி 2025, ஞாயிறு
கோவை ரேஸ் டிராக்கில் இன்றும் பத்துச் சுற்று முடியவில்லை. ஆறாவதில் பின்னால் நீலப்புகை. பத்தும் ஓட்டினால்தான் கிளப்பில் ஏப்ரல் போட்டிக்குச் சேர்ப்பார்கள். இன்னும் ஒரே வாய்ப்பு, 23-ம் தேதி. ஆசை ஆசையாய் வாங்கிய டர்போ கார் லாரியில் ஏறி அருப்புக்கோட்டைக்கு வருகிறது. மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் புண்ணியம்.

3 பிப்ரவரி
டர்போவை நம்பினேன் பார், என் புத்தியைச் சொல்லணும்.

6 பிப்ரவரி
மெக்கானிக் விஜயபாண்டி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி வேகம் கூட்டும் அந்த டர்போவைக் கழற்றிக் காட்டினான். உள்ளே ஆயில் கருகிப் பொருக்குத் தட்டியிருக்கிறது.

"ஓட்டி முடிச்சு வந்ததும் என்னக்கா செய்வீக?"

"அணைச்சிருவேன்."

"உடனேயா?"

"பின்னே?"

சிரித்துவிட்டான். "டர்போ பழுக்கக் காஞ்சு கெடக்கும்க்கா. வண்டிய நிறுத்தி இன்ஜின ரெண்டு நிமிசம் சும்மா ஓட விட்டாத்தான் ஆறும். சாதா இன்ஜின்னா உங்க பழக்கத்தத் தாங்கிக்கிரும். இது தாங்கல. டர்போ மேல குத்தமில்ல."

பழக்கம்! எங்கள் வீட்டில் வண்டி நின்றால் சாவி திரும்பியாக வேண்டும். கல்யாணமான புதிதில் மாமா எனக்குச் சொன்ன முதல் புத்தியே அதுதான். "கம்மாத் தண்ணியே இங்க சும்மா கெடைக்காது, பெட்ரோலு கெடைக்குமா?"

அவரிடம் இதைச் சொல்லப் போவதில்லை. மனசு நொந்துபோவார்.

15 பிப்ரவரி
புது டர்போ வர இன்னும் மூன்று வாரமாம். அப்படியென்றால் 23? போச்சு.

இரவு சாப்பிடும்போது மாமா தன் கார் சாவியை என் தட்டருகே வைத்தார். வியாபாரத்துக்குச் சரக்கு பார்க்க நரிக்குடிக்குப் போகிற பழைய கார். டர்போ கிடையாது. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள் மக்கர் செய்ததில்லை. பெற்ற பிள்ளை, என் கணவர் ஹரிக்கே கொடுத்ததில்லை, மருமகளுக்குக் கொடுக்கிறார்.

"நானும் வாரேன்" என்றார், அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய் அழுதேன். இப்படி ஒரு வீடு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

22 பிப்ரவரி
பிரேக், டயர் எல்லாம் விஜயபாண்டி பார்த்துவிட்டான். கூலி வாங்க மாட்டேன் என்கிறான்.

23 பிப்ரவரி, ஞாயிறு
பத்தும் முடிந்தது!

நேர் ரோட்டில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கடைசிவரை அசையவில்லை.

டிராக்கிலிருந்து வெளியே வந்து நிறுத்திச் சாவியில் கை வைத்தேன். மாமா ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அணைக்காத தாயி. ரெண்டு நிமிசம் ஓடட்டும்."

"இதுல டர்போ இல்ல மாமா."

"இருக்கட்டும். விஜயபாண்டி எல்லாஞ் சொன்னான்."

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். ஐந்து நிமிடம் ஓடியது.