கிணற்றடியில் இரண்டு நிரை

என்ரை இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? "சொல்லும் ரீச்சர்" என்று நக்கலாய்ச் சொல்வீர்களே, அந்தக் குரலை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலை ஆறு மணி. சண்டிலிப்பாய் முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது. கிணற்றடி உருளைக்கிழங்கில் அது வந்துவிட்டது. இலையின் மேலே கரும்புள்ளி, திருப்பிப் பார்த்தால் ஓரமாய் வெள்ளைப் பூ. போன வருசம் பத்தே நாளில் எங்கள் தோட்டத்தைக் கருக்கிப் படுக்க வைத்த அதே சனியன். வியாழக்கிழமை ஒரு இலையில் கண்டேன். இன்றைக்கு இரண்டு நிரையிலும் நிற்கிறது.

போன வருசம் நீங்கள் இலையோடு வந்து "இதென்னப்பா?" என்று கேட்டபோது, அடுப்படியில் நின்றபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பங்கசுதான், பங்கசு மருந்தை அடியுங்கோ" என்றேன். பதினைந்து வருசம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அல்லவா! மருதனார்மடத்துக் கடையில் வாங்கிவந்து, மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து நான்கு தரம் அடித்தீர்கள். நோய் ஒன்றுக்கும் கேட்கவில்லை. கலப்பட மருந்து தந்துவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டினீர்கள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. வைகாசியில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரும்வரை அவன்தான் உங்களுக்குக் கள்ளன்.

அவன் கள்ளன் இல்லையப்பா. நேற்று அந்த வெள்ளைப் பூவை வழித்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, பள்ளிக்கூடக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, இரண்டு பாடம் முடித்து வந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். எலுமிச்சங்காய் வடிவில் வித்திப் பைகள். சில வெடித்து, உள்ளேயிருந்து வந்தவை நீந்தித் திரிந்தன. இரண்டு வால் உண்டென்று புத்தகம் சொல்கிறது, எனக்கு ஓட்டம்தான் தெரிந்தது. பங்கசு என்றால் நாங்கள் கறி வைக்கிற காளான், பாணில் வருகிற பூஞ்சணம்; அவை இப்படி நீந்தாது. இது பங்கசே இல்லை. பங்கசு போல நூல்விட்டு வளர்கிற, கடற்பாசிகளுக்கு உறவான வேறு சாதி. பங்கசின் செல் சுவர் கைற்றின், இதற்குச் செலுலோசு. நான் சொன்ன மருந்து இதைத் தொடவே தொடாது. பங்கசு ஒரு தாவரம் என்று எழுதின பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சிவப்பு மையால் கோடு கிழித்திருப்பேன்!

விவசாயப் போதனாசிரியைக்குப் போன் எடுத்தேன். "ஓம் ரீச்சர், இதுக்கு வேறை மருந்து. முதல்லை நோய் வந்த செடியளைப் பிடுங்கிக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போடுங்கோ. விதை எங்கை எடுத்தனீங்கள்?" என்றாள். பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

விதை உங்களுடையது. போன வருசம் தப்பியதில் நல்லதாய்ப் பார்த்துப் பொறுக்கி, அறை மூலையில் மணலில் பரப்பி வைத்தீர்களே, ஒரு பனையோலைக் கடகம் நிறைய. உங்கள் அண்ணர் அப்போதே சொன்னார், "உதுகளை எறி பிள்ளை, நோய் பட்ட தோட்டத்துக் கிழங்கு" என்று. தோட்டம் முழுக்க வாங்கின விதைதான் நட்டேன். கிணற்றடியில் மட்டும், ஒருவருக்கும் சொல்லாமல், உங்களுடையதை இரண்டு நிரை வைத்தேன். நீங்கள் கையால் தடவித் தடவிப் பொறுக்கின கிழங்கை எறிய எனக்கு மனம் வருமா? வெளியே ஒரு வடுகூட இல்லை. உள்ளுக்குள் அது பேசாமல் படுத்திருந்திருக்கிறது.

நேற்று மாலை அண்ணர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, எப்பிடி உன்ரை தோட்டம்? பொல்லாத பனியாக் கிடக்கு."

"ஒரு குறையும் இல்லை" என்றேன். வாய் கூசவில்லையே எனக்கு!

வாடைக்காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம்தான் வீசுகிறது. அவருடைய செடிகளில் இப்போதுதான் கிழங்கு பிடிக்கிறது. போன வருசம் உங்களோடு சேர்த்து அவருக்கும் எல்லாம் அழிந்தது. இந்த வருசமும் அழிந்தால் அது என் கையால். ஏற்கெனவே அங்கே போயிருக்குமோ? நேற்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சம் அல்லவா?

இலை ஈரமாய் இருக்கும்வரை வித்திப் பைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறி இலை காயத் தொடங்கினால் காற்றில் கிளம்பிவிடும். ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது. நான் இங்கே இருந்து கடிதம் எழுதுகிறேன், பாருங்கள்.

இதோ எழும்புகிறேன். முதலில் வேலியடிக்குப் போய் அண்ணரைக் கூப்பிடுவேன். பொய் சொன்னதையும், அது யாருடைய விதை என்பதையும் சொல்வேன். ஏசட்டும். இரண்டு நிரையையும் ஈரத்தோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி ஆழத் தாட்டுவிடுவேன். கடைக்காரனிடமும் போய், பிழை என்னுடையது என்று சொல்லுவேன். இது சத்தியம்.

கடகத்தில் ஐந்து கிழங்கு மிச்சம் இருந்தது. ஒன்றையாவது வைத்திருக்கலாமோ என்று இவ்வளவு நேரமும் மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். இப்போது ஐந்தையும் சாக்கில் போட்டுவிட்டேன்.

பிழையாய்ச் சொல்லித் தந்த ரீச்சர்,
உங்கள் மனுசி